வேட்டைக்கறியும் புகைப் பரணும்

பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் தமிழ்நாட்டை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, அங்கங்கே வழங்கும் மொழி சில ஆண்டுகளில் பழகிவிடுகிறது. குளிரும் மழையும் பழகிவிடுகின்றன. அண்டை வீட்டாரின் உணவு மட்டும் அத்தனை எளிதில் பழகுவதில்லை. அறியாத மணம் ஒன்று அடுத்த வீட்டு அடுக்களையிலிருந்து வந்தால், அது என்னவென்று கேட்பதற்கு முன்பே முகம் சுளித்துவிடுகிறோம். அவ்வாறு நாம் முகம் சுளிக்கும் பொருள்களுள் ஒன்றைப் பற்றி இன்று சிந்திப்போம். நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மலைநாடுகளில் அடுப்பின் மேல் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்தும் இறைச்சியே அது. அதிலும் சிறப்பாக, வேட்டை விலங்கின் ஈரல், இதயம், குடல் முதலிய உள்ளுறுப்புகளை அம்மக்கள் எவ்வாறு பயன்படுத்தினர், அவற்றில் உடலுக்கு உரம் தருவது எது, தீங்கு செய்வது எது, இன்று அவ்வழக்கம் எந்நிலையில் இருக்கிறது என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

வடகிழக்கு மலைகளுக்கும் தமிழர்க்கும் தொடர்பே இல்லை என்று எண்ண வேண்டா. 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழர் பலர், மணிப்பூரின் எல்லையில் உள்ள மோரே என்னும் ஊரில் குடியேறினர். படையிலும் வங்கியிலும் பள்ளியிலும் பணிபுரிய அம்மலைகளுக்குச் செல்வோர் இன்றும் உளர். மலைநாட்டு இளைஞர்களோ படிப்புக்கும் வேலைக்குமாக டெல்லி, பெங்களூரு, சென்னை என்று வந்து நம் அண்டை வீட்டாராகிவிட்டனர். ஆகவே இது தொலைதூரத்துக் கதையன்று. நம் சுவருக்கு அப்பால் நிகழும் சமையலின் கதை.

உள்ளுறுப்புகளை உண்பதும், இறைச்சியை உலர்த்திச் சேமிப்பதும் நமக்குப் புதியன அல்ல. ஆட்டிறைச்சியில் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடுவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். ஆட்டின் மண்ணீரலைச் சுவரொட்டி என்று பெயரிட்டு, இரத்தம் குன்றிய பெண்களுக்குச் சமைத்துக் கொடுப்பது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம். மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் செய்யப்படும் மாசிக் கருவாடு, சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்திய பொருளே. ஆகவே புகையின் சுவையும் நம்மவருள் பலருடைய நாவுக்கு முன்னரே அறிமுகமானதுதான்.

அப்படியானால், நாம் வெயிலில் உலர்த்தியதை மலைநாட்டார் ஏன் புகையில் உலர்த்தினர்? விடை வானத்தில் இருக்கிறது. கோஹிமாவில் ஓராண்டில் பெய்யும் மழை, மதுரையில் பெய்வதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை மேகம் மலையை விட்டு அகலுவதில்லை. அந்த ஈரக் காற்றில் இறைச்சியை வெளியே தொங்கவிட்டால் அது காய்வதற்கு முன் அழுகிவிடும். உப்பிட்டுக் காக்கலாம் என்றால், கடலுக்குத் தொலைவிலிருந்த அம்மலைகளில் உப்பு அரிய பொருளாக இருந்தது. ஒன்று மட்டும் குறைவின்றிக் கிடைத்தது: விறகு. குளிருக்காகவும் சமையலுக்காகவும் வீட்டின் நடுவே எந்நேரமும் தீ எரிந்துகொண்டிருந்தது. அத்தீயின் மேல் எழும் புகையை வீணாக்காமல் வேலை வாங்கினர். நமக்கு வெயிலும் உப்பும் செய்த காரியத்தை அவர்களுக்குப் புகை செய்து கொடுத்தது. ஒவ்வொரு நாட்டின் உணவும் அந்நாட்டு வானிலையோடு செய்துகொண்ட உடன்படிக்கையே ஆகும்.

பழைய நாகர் இல்லத்து அடுக்களையில் தீயின் நேர் மேலே மூங்கிலால் கட்டிய பரண் தொங்கும். அதில் இரண்டு மூன்று தட்டுகள் இருப்பதும் உண்டு. தீக்கு அண்மையில் உள்ள தட்டில் புதிதாக வந்த இறைச்சி. மேல் தட்டுகளில் ஓரளவு காய்ந்தவை. மிளகாயும் விதைகளும் கூட அப்புகையிலேயே பூச்சி அண்டாமல் காக்கப்படும். இறைச்சியை நீள நீளமாக அரிந்து, மூங்கிற் குச்சியில் கோத்தோ கொக்கியில் மாட்டியோ வைப்பார்கள். சில நாள்களில் அதன் மேற்புறம் கறுத்து இறுகும். சில வாரங்களில் உள்ளேயும் ஈரம் வற்றிவிடும். மிசோரத்தில் இவ்வாறு புகையூட்டிய பன்றி இறைச்சிக்கு 'வோக்சா ரெப்' என்று பெயர்.

புகை இறைச்சியைக் காப்பது எவ்வாறு? மூன்று வழிகளில் காக்கிறது. முதலாவது, தீயின் வெப்பம் நீரை வற்றச் செய்கிறது. நீரில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் பெருக முடியா. இரண்டாவது, விறகுப் புகையில் உள்ள பீனால், பார்மால்டிஹைடு, அசெட்டிக் அமிலம் முதலிய பொருள்கள் இறைச்சியின் மேற்பரப்பில் படிந்து நுண்ணுயிர்களை அடக்குகின்றன. மூன்றாவது, அப்பொருள்களே கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கடிப்பதைத் தாமதப்படுத்துகின்றன. ஆயினும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். புகையின் செயல் பெரும்பாலும் மேற்பரப்பளவிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பதைக் காப்பது உலர்ச்சிதான். பாதி காய்ந்த புகையிறைச்சி பாதுகாப்பானதன்று.

இனி உள்ளுறுப்புகளுக்கு வருவோம். வேட்டையாடும் மக்கள் எவராயினும், விலங்கை வீழ்த்தியதும் முதலில் கவனிப்பது வயிற்றைத்தான். ஈரலிலும் குடலிலும் இரத்தமும் ஈரமும் மிகுதி. செரிமானப் பொருள்களும் மிகுதி. தசை இரண்டு நாள் தாங்கும் குளிரிலும் ஈரல் அதற்கு முன் கெட்டுவிடும். ஆகவே வேட்டை நாளன்றே ஈரலையும் குடலையும் சமைத்து உண்பது பொது வழக்கமாயிற்று. பெரிய விலங்காயின் மிஞ்சியதைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பரணில் ஏற்றினர். இதயம் உள்ளுறுப்பாயினும் அதுவும் ஒரு தசையே. கொழுப்புக் குறைவு, நார் நெருக்கம். அதனால் புகையில் சீராக உலர்வதும், நெடுநாள் நிற்பதும் அதற்கு எளிது. ஈரலோ உலர உலரக் கட்டை போல் இறுகி, கைப்புச் சுவை மிகும். அதைச் சிறிதளவாக, இடித்தோ துருவியோ பயன்படுத்துவதே நலம்.

உள்ளுறுப்புகள் ஏழையின் பங்கு என்னும் எண்ணம் நகரங்களில் உண்டு. கடையில் தொடைக்கறிக்கு ஒரு விலையும் குடலுக்கு ஒரு விலையும் இருப்பதால் பிறந்த எண்ணம் அது. உடல்நூலின் தராசில் நிறுத்தால் நிலைமை தலைகீழாகிறது. இதை உலகம் அறிந்துகொண்ட வரலாறும் சுவையானதே.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவகை இரத்தச் சோகை, வந்தவரைக் கொல்லாமல் விடாத நோயாக இருந்தது. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் விப்பிள், இரத்தம் இழந்த நாய்களுக்கு ஈரலைக் கொடுத்தபோது புது இரத்தம் விரைந்து ஊறுவதைக் கண்டார். அதைப் பின்பற்றி ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்பி என்னும் மருத்துவர் இருவர் நோயாளிகள் 45 பேருக்கு நாள்தோறும் 120 முதல் 240 கிராம் வரை ஈரலை உணவாகக் கொடுத்து, அவர்கள் தேறியதை 1926இல் வெளியிட்டனர். மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் மறைந்திருந்த மருந்து பி12 என்னும் வைட்டமின் என்பது 1948இல் அதனைத் தனியே பிரித்தெடுத்தபோது தெளிவாயிற்று.

இவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928இல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பத்துக் கருவுற்ற பெண்களை வாட்டிய சோகையை ஆராய்ந்தார். நம் நீலகிரியில் உள்ள குன்னூரிலும் அவர் ஆய்வு நடத்தினார். ஈஸ்ட் சாறும் ஈரலும் அந்நோயைத் தீர்ப்பதை அவர் கண்டார். பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் பெற்ற சத்துக்கு வழிகாட்டியது அவ்வாராய்ச்சியே. குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

சத்துக் கணக்கைச் சிறிது பார்ப்போம். சாதாரணத் தசைக்கறியில் 100 கிராமுக்கு இரும்புச் சத்து ஏறக்குறைய 1 முதல் 3 மில்லிகிராம். மாட்டின் இதயத்தில் 4. மாட்டின் ஈரலில் 5. செம்மறியாட்டின் ஈரலில் 7. கோழி ஈரலில் 9. பன்றி ஈரலில் 23. மண்ணீரலிலோ 40க்கும் மேல். நம் பாட்டிமார் சுவரொட்டியைத் தேடிப் பிடித்தது வீண் நம்பிக்கையன்று என்பது இதனால் விளங்கும். பி12 வைட்டமின் நமக்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 2 முதல் 2.5 மைக்ரோகிராம் மட்டுமே. 100 கிராம் மாட்டு ஈரலில் அது ஏறக்குறைய 60 மைக்ரோகிராமும், இதயத்தில் 8 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கிறது. மான் போன்ற காட்டு விலங்குகளின் உறுப்புகளும் பெரும்பாலும் இவ்வரிசையை ஒத்தவையே. அவற்றின் தசையில் கொழுப்புக் குறைவு என்பதே பெரிய வேறுபாடு.

இரும்பின் அளவு மட்டுமன்று, வகையும் முக்கியம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பில் மிகச் சிறு பங்கையே உடல் ஏற்கிறது. இறைச்சியிலும் உறுப்புகளிலும் இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு இணைந்திருக்கும் இரும்பை அதைவிட எளிதாக ஏற்கிறது. மேலும், கீரையோடு சிறிது இறைச்சி சேர்ந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாக உடலில் சேரும். அவித்த கீரை, சோறு, சிறு துண்டு புகையிறைச்சி, காரமான துவையல் என்னும் நாகர் உணவுத் தட்டு இவ்வகையில் அறிவுடைய அமைப்பே. சாப்பிட்ட உடனே தேநீரோ காப்பியோ அருந்துவது கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கிறது. நம்மவர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

புகையூட்டுவதால் இச்சத்துகள் கூடுமா, குறையுமா? புகை தானாக எந்தச் சத்தையும் சேர்ப்பதில்லை. இரும்பும் புரதமும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பச்சை ஈரலில் சிறிதளவு இருக்கும் சி வைட்டமின் வெப்பத்தில் பெரிதும் அழிந்துவிடும். பி வகை வைட்டமின்களிலும் ஒரு பகுதி போகும். நீர் வற்றுவதால் எடைக்கு எடை சத்துச் செறிவு மட்டும் உயரும். 100 கிராம் ஈரல் உலர்ந்து 50 கிராம் ஆனால், அந்த 50 கிராமுக்குள் முந்தைய 100 கிராமின் இரும்பு அடங்கியிருக்கிறது. சத்துக்கு மட்டுமன்றி, அளவை மீறினால் தீங்கு தரும் பொருள்களுக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

இந்தச் சத்துக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர். தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு, நாகாலாந்திலோ 28.9 விழுக்காடு, மணிப்பூரில் 29.4. நாகாலாந்துப் பெண்கள் புகையிறைச்சியால்தான் இரத்தச் செழிப்போடு இருக்கின்றனர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. இறைச்சியை விரும்பி உண்ணும் மேகாலயத்தில் சோகை 53.8 விழுக்காடு, ஏறக்குறைய நம் அளவே. குடற்புழு, மலேரியா, பிள்ளைப்பேற்றின் இடைவெளி, வறுமை என்று பல காரணங்கள் இதிற் பின்னியுள்ளன. எனினும், நாம் இழிவாக நினைக்கும் உணவை உண்போர், இந்த ஒரு குறையில் நம்மைவிட நல்ல நிலையில் இருக்கக் கூடும் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. பிறர் அடுக்களையைப் பற்றிப் பேசும் முன் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நன்மையைச் சொன்ன நாம் தீமையையும் மறைக்கலாகாது.

முதலாவது, ஏ வைட்டமின். ஈரல் இதன் களஞ்சியம். வயது வந்தவர்க்கு ஒரு நாளைக்கு 3,000 மைக்ரோகிராம் மேல்வரம்பு என்று கொள்கின்றனர். 100 கிராம் பன்றி ஈரலில் அது 6,500 அளவு. மாட்டு ஈரலில் 5,000 அளவு. உலர்ந்த ஈரலில் எடைக்கு எடை இன்னும் மிகுதி. என்றோ ஒரு நாள் உண்பவர்க்கு இதனால் தீங்கில்லை. கருவுற்ற பெண்களுக்கு, சிறப்பாக முதல் மூன்று மாதங்களில், மிகையான ஏ வைட்டமின் கருவுக்கு ஊறு செய்யக் கூடும். ஆகவே கருவுற்றவர்க்கு இரத்தம் ஊறட்டும் என்று ஈரலை வற்புறுத்திக் கொடுக்கும் நம் வீட்டு வழக்கத்தை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். சோகைக்கு அரசு மருத்துவமனையில் தரும் இரும்பு மாத்திரையை ஈரலுக்காக நிறுத்துவது தவறு. வடதுருவத்துப் பனிக்கரடியின் ஈரலை உண்ட பயணிகள் தோல் உரிந்து நோயுற்றதற்கு இதே வைட்டமின்தான் காரணம் என்பது 1940களில் நிறுவப்பட்டது.

இரண்டாவது, புகை. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையூட்டியும் உப்பிட்டும் பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் வரிசையில் 2015இல் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்டால் பெருங்குடற் புற்று வரும் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்று அது கணக்கிட்டது. கொழுப்பு உருகித் தீயிற் சொட்டும்போது எழும் புகை மேலும் தீயது. ஆகவே இது நாள்தோறும் உண்ணத் தக்க உணவன்று. சுவைக்காகவும் விருந்துக்காகவும் உண்ணத் தக்கது. புகைபோக்கி இல்லாத அடுக்களையில் அப்புகையை ஆயுள் முழுவதும் உள்வாங்கும் பெண்களின் நுரையீரலையும் இங்கே நினைக்க வேண்டும். பரணில் உள்ள இறைச்சிக்கு உதவும் புகை, அடுப்படியில் உள்ள தாய்க்கு உதவுவதில்லை.

மூன்றாவது, புழு. பன்றியிலும் காட்டுப்பன்றியிலும் நாடாப்புழுவின் பருவங்களும், திரிக்கினெல்லா என்னும் புழுவும் இருக்கக் கூடும். புகையூட்டுவதோ உலர்த்துவதோ இவற்றை உறுதியாகக் கொல்லும் என்று நம்புவதற்கில்லை. நன்றாகக் கொதிக்க வேகவைப்பதே காப்பு. நான்காவது, சிறுநீரகமும் ஈரலும் யூரிக் அமிலத்தைப் பெருக்குவன. மூட்டுவாதம் உடையவர் இவற்றை விலக்க வேண்டும்.

இனி, வேட்டைக்கறி என்னும் சொல்லுக்கே வருவோம். கடமான், கேளையாடு, காட்டுப்பன்றி முதலியவற்றின் இறைச்சி ஒரு காலத்தில் அப்பரண்களில் தொங்கியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதையும் அவற்றின் இறைச்சியை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கிறது. மீறுவோர்க்குச் சிறைத் தண்டனை உண்டு. சந்தையில் யாரேனும் மறைவாகக் காட்டுக்கறி என்று கொடுத்தால், வெளியூரிலிருந்து சென்ற நாம் ஆவலால் அதனை வாங்கிவிடலாகாது. வாங்குவோர் இருப்பதால்தான் விற்போர் இருக்கின்றனர்.

சட்டத்துக்கும் மேலாக, மலைமக்கள் தாமே எடுத்த முடிவுகள் போற்றத் தக்கவை. கோஹிமாவுக்கு அண்மையில் உள்ள கோனோமா என்னும் அங்காமி நாகர் ஊர், 1998இல் தன் காட்டின் ஒரு பகுதியை டிராகோபன் என்னும் அழகிய கோழியினப் பறவைக்குச் சரணாலயமாக அறிவித்து, வேட்டையை நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாக வேட்டையைப் பெருமையாகக் கொண்டிருந்த ஊர் அது. மற்றொன்று 2012இல் நிகழ்ந்தது. வடகிழக்கு ஆசியாவிலிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வழியில், அமூர் வல்லூறு என்னும் சிறு பறவைகள் இலையுதிர்காலத்தில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் தங்குகின்றன. அவ்வாண்டில் அவை வலையில் சிக்க வைக்கப்பட்டு, ஒரு லட்சத்துக்கும் மேல் கொல்லப்பட்டன என்று மதிப்பிட்டனர். உயிரோடு விற்றவை போக, மீந்தவை புகையூட்டி விற்கப்பட்டன. அச்செய்தி நாடெங்கும் பரவியது. மறு ஆண்டே பாங்தி முதலிய ஊர்களின் மன்றங்கள் கூடி அவ்வேட்டையைத் தடுத்தன. வலை விரித்த கைகளே காவல் காக்கத் தொடங்கின. பசிக்கும் வருவாய்க்கும் பயன்பட்ட ஒன்றை ஓர் ஊரே ஒருங்கே கைவிடுவது எளிய செயலன்று.

வேட்டை குறைந்ததால் பரண் வெறுமையாகிவிடவில்லை. இன்று அதில் தொங்குவது பெரும்பாலும் வீட்டிலும் பண்ணையிலும் வளர்த்த பன்றி; சில இடங்களில் மாட்டிறைச்சி; விழாக் காலங்களில் மிதுன் என்னும் மலைமாடு. விலங்கு மாறியது, பரணும் பக்குவமும் மாறவில்லை. ஒரு பழக்கத்தின் உயிர் எதில் இருக்கிறது என்பதை இது நமக்கு உணர்த்துகிறது.

சட்டத்துக்கு உட்பட்டு வேட்டை நடக்கும் நாடுகளிலும் இதே அறிவு வேறு உருவில் வழங்குகிறது. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து ஆகியவற்றின் வடகோடியில் வாழும் சாமி மக்கள் கலைமான் கூட்டங்களை மேய்ப்பவர். அவர்கள் கலைமான் இறைச்சியை உப்பிட்டுப் புகையூட்டுவதற்குச் 'சுவோவாஸ்' என்று பெயர். கலைமானின் இதயத்தையும் அவ்வாறே உப்பிட்டு, புகையூட்டி, உலர்த்தி, தாள் போல மெல்லியதாகச் சீவி உண்கின்றனர். அது அங்கே ஏழையின் பங்கன்று. விருந்தின் முதல் தட்டு. அதே பின்லாந்தில், ஓராண்டுக்கு மேற்பட்ட காட்டு எல்க் மானின் ஈரலையும் சிறுநீரகத்தையும் உண்ண வேண்டா என்று உணவுத் துறை அறிவுறுத்துகிறது. காட்மியம் என்னும் உலோகம் வயதோடு அவ்வுறுப்புகளில் சேர்வதே காரணம். இதயம் விருந்தாகிறது, சிறுநீரகம் விலக்காகிறது. உறுப்புக்கு உறுப்பு வேறுபாடு அறிந்து உண்பதே அறிவுடைமை.

சமையல் முறையைச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சு நிறைவு பெறாது. கடையில் புகையூட்டிய இதயமோ இறைச்சியோ வாங்கினால், முதலில் வெந்நீரில் கழுவி, மேலே படிந்த கரியைக் கத்தியால் சுரண்டி நீக்க வேண்டும். பின் அரைமணி நேரமாவது வெந்நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும். நாருக்குக் குறுக்கே சிறு துண்டுகளாக அரிவது மென்மைக்கு வழி. நாகர் முறையில் எண்ணெய் ஏறக்குறைய இல்லை. துண்டுகளை நீரில் இட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, மென்மையானதும் பூண்டு, இஞ்சி, மிளகாய் சேர்ப்பர். புளிப்புக்கு மூங்கில் குருத்து. ஆழ்ந்த சுவைக்கு, சூமி நாகர் சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் அக்குனியோ, ஆவோ நாகர் சேம்பிலையைப் புளிக்கவைத்து உலர்த்தும் அனிஷியோ சேரும். ராஜ மிளகாய் என்னும் நாகர் மிளகாயில் ஒன்றில் பாதி போதும். நம் ஊர்க் குண்டு மிளகாயை எண்ணி அதை அள்ளிப் போடுவோர் பின்னர் வருந்துவர். உப்பைக் கடைசியில், சுவைத்துப் பார்த்தே சேர்க்க வேண்டும்.

உலர்ந்த ஈரலானால் மெல்லியதாகச் சீவி, வேகவைத்து, சுட்ட மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்துத் துவையலாக்கலாம். ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி போதுமானது. நம் முறையில் செய்ய விரும்புவோர், வேகவைத்த இதயத் துண்டுகளைச் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, பொடித்த மிளகு ஆகியவற்றோடு வதக்கலாம். புகைமணமும் மிளகும் நன்கு பொருந்தும். பன்றியும் மாடும் உண்ணாதவர்க்கு ஆட்டு ஈரலும் கோழி ஈரலும் அதே சத்தைத் தரும். இறைச்சியே உண்ணாத நேயர்கள், பி12க்குப் பாலையும் தயிரையும், இரும்புக்குக் கீரை, பயறு, கேழ்வரகு ஆகியவற்றையும், அவற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்து உண்பதையும் விடாது கைக்கொள்க. நகரத்து அடுக்குமாடி வீட்டில் இறைச்சிக்குப் புகையூட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டா. சரியாக உலராத இறைச்சியைக் காற்றுப் புகாத உறையில் கட்டி வைத்தால், உயிருக்கே கேடு செய்யும் நஞ்சு அதில் உருவாகக் கூடும்.

இறுதியாக ஒன்று. 2019இல் வெளிவந்த 'அக்குனி' என்னும் திரைப்படம், டெல்லியில் வாடகை வீட்டில் இருக்கும் வடகிழக்கு இளைஞர்கள், தோழியின் திருமண விருந்துக்காகப் புகையூட்டிய பன்றி இறைச்சியை அக்குனியோடு சமைக்க இடம் தேடி அலைவதைக் கதையாகக் கொண்டது. மணத்துக்காக அண்டை வீட்டார் போடும் சண்டை அதன் மையம். நேயர்களே, அக்கதை நமக்குப் புரியாததா? டெல்லியிலும் மும்பையிலும் கருவாட்டைச் சட்டியில் இட்டவுடன் கதவையும் சன்னலையும் சாத்தும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! மணத்தின் பேரால் தாழ்வு கற்பிக்கப்படும் வலியை நாமே சுவைத்திருக்கிறோம். அதையே இன்னொருவர்க்கு நாம் கொடுக்கலாமா?

அண்டை வீட்டாரின் உணவை நாம் உண்டே ஆக வேண்டும் என்பதில்லை. விரும்பினால் அளவோடு உண்ணலாம்; விரும்பாவிடில் அன்போடு மறுக்கலாம். ஆயின் இது ஏன் வந்தது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டு அறிவது நம் கடமை. மழைநாட்டில் உணவைக் காக்க ஒரு மக்கள் கண்ட வழி அந்தப் பரண். தம் காட்டைக் காக்க அவர்களே பின்னர் வேட்டையைத் துறந்தனர். இவ்விரண்டையும் அறிந்தவர்க்கு, அடுத்த வீட்டிலிருந்து வரும் புகைமணம் வெறும் நாற்றமாகத் தோன்றாது.